ரேடியோவில் கேட்ட ஊர்

காலை ஏழேகால் மணி என்றால் எங்கள் வீட்டில் அது டில்லிக்கு ஒதுக்கிய நேரம். அடுப்பில் இட்லிப் பானை ஆவி விட்டுக்கொண்டிருக்கும். அப்பா முகத்தில் சோப்பு நுரையோடு ஜன்னல் கண்ணாடி முன் நிற்பார். அலமாரி மேல் இருக்கும் ரேடியோவில் டில்லியிலிருந்து ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி தொடங்கும். சரோஜ் நாராயணசுவாமியின் கணீர்க் குரல் வந்துவிட்டால் அம்மா கையிலிருக்கும் கரண்டியைச் சத்தமில்லாமல் கீழே வைப்பாள். செய்தி முடியும்வரை யாரும் வாய் திறக்கக் கூடாது. அது வீட்டுச் சட்டம். முடிந்ததும் அப்பாதான் முதலில் பேசுவார்: "சரி, இட்லிய எடுத்து வை."

திண்டுக்கல்லின் ஓட்டு வீட்டில் வளர்ந்த எனக்கு டில்லி என்றால் அந்தக் குரல்தான். பிரதமர் அங்கே இருந்தார், பட்ஜெட் அங்கிருந்து வந்தது, குடியரசு தின அணிவகுப்பு அங்கே நடந்தது. எல்லாம் அங்கே நடந்தது, ஆனால் அந்த 'அங்கே' எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அப்பா கடைசிவரை பார்க்காமலே போய்ச் சேர்ந்தார்.

இந்த மார்ச் மாதம் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அந்த ஊருக்குப் போய் நான்கு நாள் தங்கிச் சுற்றிவிட்டு வந்தேன். திரும்பி வந்ததிலிருந்து காய்கறிக் கடையில், வங்கி வரிசையில், கல்யாண வீட்டுப் பந்தியில் என்று யாரைப் பார்த்தாலும் இதையே சொல்லிக்கொண்டிருக்கிறேன்: டில்லிக்குப் போங்கள். வேலைக்காக இல்லை, வேறு எங்கோ போகிற வழியில் இல்லை. டில்லியைப் பார்ப்பதற்கென்றே போங்கள்.

நம்மவர்கள் டில்லிக்குப் போகாமல் இல்லை. காசி யாத்திரையில் ஒரு பொழுது, ஆக்ராவுக்குப் போகும் வழியில் அரை நாள், மணாலி பஸ் ஏறுவதற்கு முன் இரண்டு மணி நேரம். நேர்முகத் தேர்வுக்குப் போய் அன்றிரவே ரயில் ஏறியவர்கள் என் சொந்தத்திலேயே நாலு பேர். சிங்கப்பூரின் தெருக்களை விரல்நுனியில் வைத்திருப்பவர்கள் சொந்த நாட்டின் தலைநகரை ஒரு ஜங்ஷனைப் போல் கடந்துவிடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். எவ்வளவு பெரிய சொத்தைத் திறந்துகூடப் பார்க்காமல் இருந்திருக்கிறேன் என்று இப்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது.

விமானத்தில் போனால் மூன்று மணி நேரம். ஆனால் முதல் பயணத்துக்கு ரயில்தான் வேண்டும் என்று அம்மா ஒரே பிடியாக நின்றாள். அவள் செய்தது சரி. கன்னியாகுமரியிலிருந்து ஹஜ்ரத் நிஜாமுதீன் வரை போகும் அந்த ரயிலுக்குப் பெயரே திருக்குறள் எக்ஸ்பிரஸ். எலுமிச்சை சாதம், புளியோதரை, மிளகாய்ப்பொடி தடவிய இட்லி எல்லாம் கட்டிக்கொண்டு நடுராத்திரியில் திண்டுக்கல்லில் ஏறினோம். கிருஷ்ணா, கோதாவரி, நர்மதை, சம்பல் என்று ஆறுகள் ஒவ்வொன்றாகக் காலுக்குக் கீழே ஓடின. ஒவ்வொரு பாலத்திலும் அம்மா ஜன்னல் வழியாக ஒரு ரூபாய் நாணயத்தைப் போட்டுக் கும்பிட்டாள். கரிசல் மண் போய்க் கோதுமை வயல் வந்தது. டீயின் ருசி மாறியது, ஸ்டேஷன் பலகையில் எழுத்து மாறியது. தலைநகரம் எத்தனை பெரிய நாட்டுக்குத் தலை என்பதை உடம்பே அளந்து தெரிந்துகொள்ள அந்த இரண்டு இரவுகள் வேண்டும்.

நிஜாமுதீன் ஸ்டேஷனில் இறங்கினால் ஹுமாயூன் கல்லறை கூப்பிடு தூரம். மறுநாள் விடிந்ததும் முதல் வேலையாக அங்கே போனோம். வாசல் வளைவுக்குள் நுழைந்து நிமிர்ந்ததும் அம்மா என் கையைப் பிடித்து நிறுத்தினாள். "ஏண்டி, தாஜ்மகால் செவப்பாவா இருக்கும்?"

அந்த ஒரு கேள்வியில் முழு வரலாறும் இருக்கிறது. ஹுமாயூன் இறந்த பிறகு அவர் மனைவி பேகா பேகத்தின் முயற்சியில், அக்பர் காலத்தில் 1572 வாக்கில் முடிந்த கட்டடம் இது. தாஜ்மகாலுக்கு வேலை தொடங்கியது இதற்கு அறுபது ஆண்டுகள் கழித்து. நான்காய்ப் பகுத்த தோட்டம், நடுவில் ஓடும் நீர்க்கால், உயர்ந்த மேடை, அதன்மேல் வெண்பளிங்குக் குவிமாடம் என்று எல்லாவற்றையும் இங்கே ஒருமுறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் ஆக்ராவில் வெள்ளையில் எழுதியிருக்கிறார்கள். எனக்கு இந்தச் சிவப்புதான் பிடித்தது. காலை வெயில் ஏற ஏறச் செம்மணற்கல் சுட்ட செங்கல் நிறத்திலிருந்து மருதாணி நிறத்துக்கு மாறுவதை மேடைப் படியில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பார்த்தோம். கூட்டமே இல்லை. தோட்டத்தில் கிளிகளின் சத்தம் மட்டும்தான். 1857 கிளர்ச்சி முறிந்தபோது கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷா ஜாபர் அடைக்கலம் புகுந்து பிடிபட்டதும் இங்கேதான். ஒரு வம்சம் தன் அழகின் உச்சத்தைத் தொட்ட இடத்திலேயே அதன் கதையும் முடிந்திருக்கிறது.

அங்கிருந்து பழைய டில்லி. டில்லி மெட்ரோவைப் பற்றி ஒரு பத்தி எழுதாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. 2002 டிசம்பரில் ஓடத் தொடங்கிய ரயில் இன்று நகரம் முழுக்க வேர் விட்டிருக்கிறது. பார்க்க வேண்டிய இடங்களில் பாதிக்கு அந்த இடத்தின் பெயரிலேயே ஸ்டேஷன் இருக்கிறது: லால் கிலா, ஜாமா மஸ்ஜித், சாந்தினி சௌக், குதுப் மினார். முதல் பெட்டி பெண்களுக்கென்றே. அதில் ஏறியதும் கல்லூரிப் பெண் ஒருத்தி எழுந்து அம்மாவுக்கு இடம் கொடுத்தாள். அடுத்த பத்து நிமிடத்தில் அம்மா தமிழிலும் அவள் இந்தியிலும் ஏதோ பேசிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். என்ன பேசினீர்கள் என்று கேட்டேன். "அவளுக்கு நாளைக்குப் பரீட்சையாம்டி" என்றாள் அம்மா. எப்படிப் புரிந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

செங்கோட்டைக்கு முன்னால் போய் நின்றபோது மனசு நிரம்பிவிட்டது. ஷாஜகான் 1648இல் முடித்த கோட்டை அது. அதன் மதில்மேல்தான் ஒவ்வொரு ஆகஸ்ட் 15க்கும் கொடி ஏறுகிறது. எனக்கு இன்னொரு நினைவும் வந்தது. இந்திய தேசிய ராணுவத்தின் அதிகாரிகளை 1945இல் ஆங்கிலேயர்கள் இந்தக் கோட்டைக்குள் வைத்துத்தான் விசாரித்தார்கள். நேதாஜி "டில்லிக்கு" என்று அழைத்தபோது மலாயா ரப்பர்த் தோட்டங்களிலிருந்து கிளம்பிய தமிழ்த் தொழிலாளர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலர் இந்த மதிலைப் பார்க்கவே இல்லை. அவர்கள் சேர நினைத்த வாசலில், பையில் ஒரு டிக்கெட்டோடு நாங்கள் நிதானமாக நுழைந்தோம். அந்த வாசலை நான் சாதாரணமாகக் கடக்கவில்லை.

கோட்டைக்கு எதிரே நீளும் தெருதான் சாந்தினி சௌக். ஷாஜகானின் மகள் ஜஹானாரா திட்டமிட்ட வீதி அது. ஒரு காலத்தில் நடுவில் ஒரு குளம் இருந்து, அதில் நிலவொளி தெரிந்ததால் இந்தப் பெயர் என்கிறார்கள். இந்த ஒரே தெருவில் நடந்தால் சமணர்களின் செந்நிறக் கோயில், கௌரிசங்கர் கோயில், குரு தேக் பகதூர் 1675இல் உயிர் துறந்த இடத்தில் எழுந்த சீஸ்கஞ்ச் குருத்வாரா, ஒரு கிறித்தவ தேவாலயம், மறுமுனையில் ஃபதேபுரி மசூதி என்று வரிசையாக வருகின்றன. அம்மா எல்லா வாசலிலும் செருப்பைக் கழற்றினாள். எல்லா இடத்திலும் கும்பிட்டாள். கால் வலிக்குதா என்று கேட்டதற்கு, "சாமி பாத்தா கால் வலிக்குமா?" என்றாள்.

இனி சாப்பாடு. பராத்தேவாலி கலியில் உருளைக்கிழங்கு, காலிபிளவர், பட்டாணி, முள்ளங்கி என்று எதைச் சொன்னாலும் மாவுக்குள் வைத்து நெய்யில் பொரித்துத் தருகிறார்கள். வெங்காயம் பூண்டு கிடையாது. தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்குக் குழம்பும் பூசணிக் கறியும் புளிச் சட்னியும். வெளியே வந்தால் நம் ஜாங்கிரிக்கு அண்ணன் மாதிரி பெரிய ஜிலேபி, எண்ணெயிலிருந்து எடுத்துப் பாகில் முக்கிய சூட்டோடு. அதைக் கடித்ததும் பாகு முழங்கை வரை வழிந்தது. அதற்காக நான் வெட்கப்படவே இல்லை. இன்னும் கொஞ்சம் நடந்தால் காரி பாவலி, மசாலாச் சாமான்களின் மொத்தச் சந்தை. மிளகாய் வத்தல் மூட்டைகளுக்கு நடுவில் தும்மிக்கொண்டே போனோம். ஒரு கடையில் ஏலக்காய் ஒன்றை நசுக்கி முகர்ந்த அம்மாவின் முகம் மலர்ந்தது. "இது நம்ம போடி ஏலக்காய்டி!" இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் எங்கள் பக்கத்து மலை எங்களுக்கு முன்பே வந்து கடை போட்டிருந்தது.

மூன்றாவது நாள் குதுப் மினார். 1199 வாக்கில் குத்புதீன் ஐபக் தொடங்க, இல்துத்மிஷ் மேலே எடுத்துச் செல்ல, மின்னல் தாக்கிச் சிதைந்த உச்சியை ஃபிரோஸ் ஷா துக்ளக் திருத்திக் கட்டிய கோபுரம். உயரம் 72.5 மீட்டர். அண்ணாந்து பார்த்தால் கழுத்துதான் சொல்லும் அதன் அளவை. கல்லில் செதுக்கிய எழுத்துகள் பூவேலைப்பாடு போல் கோபுரத்தைச் சுற்றிச் சுற்றி ஏறுகின்றன. ஆனால் அம்மாவை அசைத்தது பக்கத்தில் இருக்கும் இரும்புத் தூண். குப்தர் காலத்துத் தூண், ஏழு மீட்டருக்குமேல் உயரம், ஆறு டன்னுக்குமேல் எடை. 1,600 ஆண்டுகளாக மழையிலும் வெயிலிலும் நின்றும் அரித்துப்போகவில்லை. இரும்பில் பாஸ்பரஸ் கூடுதலாக இருந்ததால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாகித் துருவைத் தடுக்கிறது என்று எடுத்துச் சொன்னேன். அம்மா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நம்ம அருவாமனைய ஒரு நாள் ஈரத்தோட விட்டா மறுநா செவந்து போகுது. அந்தக் கொல்லர் கையைக் கும்பிடணும்டி." எந்தப் பாடப்புத்தகமும் எனக்கு இவ்வளவு அழகாகச் சொன்னதில்லை.

தேசிய அருங்காட்சியகத்துக்குப் போகும்போது அரை நாளாவது கையில் வைத்துக்கொள்ளுங்கள். மொஹஞ்சதாரோவின் நடன மங்கை அங்கேதான் இருக்கிறாள். பள்ளிக்கூடப் புத்தகத்தில் பார்த்துப் பார்த்து அவள் பெரிய சிலை என்று நினைத்திருந்தேன். உயரம் 10.5 சென்டிமீட்டர், அரைச் சாண். இடுப்பில் கை வைத்து, தோள் வரை வளையல் அடுக்கி, உலகத்தையே 'என்ன?' என்று கேட்கும் அந்த நிமிர்வைப் பார்த்துச் சிலிர்த்துப்போனேன். நாலரை ஆயிரம் ஆண்டுகள் அந்த முகவாயைத் தாழ்த்த முடியவில்லை. அடுத்து வெண்கலச் சிற்பக் கூடத்தில் சோழர் காலத்துத் திருமேனிகள். நடராசர் முன்னால் போனதும் அம்மா செருப்பை ஓரமாகக் கழற்றிவிட்டுக் கைகூப்பி நின்றாள். காவலர் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு அடி விலகி நின்று அவளுக்கு வழிவிட்டார்.

மாலையில் கர்தவ்ய பாதை. இரு பக்கமும் புல்வெளி, நீர்க்கால், வரிசை வரிசையாக நாவல் மரங்கள். புதுடில்லியின் சாலைகளுக்கு நிழல் தருபவை வேம்பு, மருதம், புளி, நாவல் என்று நம்மூர் மரங்கள்தான் என்பதைப் பார்த்து எனக்கு அப்படியொரு சந்தோஷம். அதற்கு நடுவே இலையெல்லாம் உதிர்த்துவிட்டு உள்ளங்கை அகலச் சிவப்புப் பூக்களாக நின்ற முள்ளிலவு மரங்கள். மெத்தைக்கு அடைக்கும் இலவம் பஞ்சின் சொந்தக்காரன் தலைநகரில் இப்படி ராஜா மாதிரி நிற்பான் என்று யார் நினைத்தார்கள்? மார்ச் மாதத்தில் போனதற்கு அந்தப் பூ ஒன்றே போதும்.

தொலைவில் குடியரசுத் தலைவர் மாளிகை தெரிந்தது. 340 அறைகள் கொண்ட அந்த வீட்டைக் காட்டி, "கலாம் ஐயா அஞ்சு வருசம் இருந்த வீடும்மா" என்றேன். ராமேஸ்வரத்துத் தெருவில் செய்தித்தாள் போட்ட பையன் போய்க் குடியேறிய வீடு அது. அம்மா ஒன்றும் சொல்லாமல் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மறுகோடியில் 42 மீட்டர் உயர இந்தியா கேட். அதன் பின்னால் 2019இல் திறந்த தேசியப் போர் நினைவிடம். விடுதலைக்குப் பிறகு உயிர் கொடுத்த 25,000க்கும் மேற்பட்ட வீரர்களின் பெயர்களை வட்ட வட்டமான சுவர்களில், கல்லுக்கு ஒரு பெயராகப் பொறித்திருக்கிறார்கள். தமிழ்ப் பெயர்களைத் தேடித் தேடி வாசித்தோம். பிறகு தேடுவதை விட்டோம். பஞ்சாபிப் பெயரும் நாகா பெயரும் மலையாளப் பெயரும் அடுத்தடுத்து நிற்கும்போது எதைப் பிரித்து எதைத் தேடுவது?

நான் சென்ற இடங்களில் மிகச் சின்ன இடத்தைப் பற்றித்தான் அதிகம் பேசத் தோன்றுகிறது. பழைய பிர்லா மாளிகை, இன்றைய காந்தி ஸ்மிருதி. காந்தியடிகள் தம் கடைசி 144 நாள்களை அங்கே கழித்தார். 1948 ஜனவரி 30 அன்று அறையிலிருந்து பிரார்த்தனைத் திடலுக்கு அவர் நடந்த வழியைக் காலடி வடிவங்களாகப் பதித்து வைத்திருக்கிறார்கள். அந்த அடிகளுக்குப் பக்கத்திலேயே நாமும் நடக்கலாம். புல்வெளிக்கு நடுவில் ஓரிடத்தில் அடிகள் நின்றுவிடுகின்றன. அதற்கு மேல் நம் கால்களும் நகர மறுக்கின்றன. இதற்குக் கட்டணம் கிடையாது. இந்த நாட்டில் பிறந்த ஒவ்வொருவரும் ஒருமுறையாவது வந்து அந்த வழியில் நடக்க வேண்டும்.

ஊர் நினைப்பு வந்தால் அதற்கும் டில்லியில் இடமிருக்கிறது. ராமகிருஷ்ணபுரத்தில் ஒரு குன்றின்மேல் உத்தர சுவாமிமலை, டில்லிக்காரர்கள் வாயில் 'மலை மந்திர்'. 1973இல் குடமுழுக்கு கண்ட கருங்கல் கோயில். படியேறும்போதே விபூதி வாசம் வந்தது, எங்கோ ஒரு மயில் அகவியது. பிராகாரத்தில் ஒரு பெரியவர், "எந்த ஊரும்மா?" என்று கேட்டார். திண்டுக்கல் என்றதும் அவர் முகத்தில் வந்த வெளிச்சம்! ஐம்பது வருடத்துக்கு முன் அரசாங்க வேலைக்கு வந்தவராம். "பழனிக்குப் பக்கத்துலேர்ந்து வந்து இங்க முருகனைப் பாக்கறேளா" என்று சிரித்தார். இப்படி வேலைக்கு வந்து தங்கிய தமிழர்கள் இங்கே சங்கம் வைத்தார்கள், பள்ளிக்கூடங்கள் கட்டினார்கள். தி. ஜானகிராமன், இந்திரா பார்த்தசாரதி, ஆதவன் என்று நம் எழுத்தாளர்கள் இந்த ஊர் வாடகை வீடுகளில் உட்கார்ந்து எழுதினார்கள். டில்லி நமக்கு அந்நிய ஊர் என்று எவரும் இனி என்னிடம் சொல்ல முடியாது.

பங்களா சாஹிப் குருத்வாராவில் ஒரு வேளையாவது லங்கரில் சாப்பிடுங்கள். தலையை மூடிக்கொண்டு தரையில் பந்தியாக உட்கார வேண்டும். ரொட்டியை இரண்டு கைகளையும் நீட்டி வாங்க வேண்டும். எனக்கு வலப்பக்கம் காரில் வந்த ஒரு குடும்பம், இடப்பக்கம் ஒரு ரிக்ஷாக்காரர். எல்லோருக்கும் அதே பருப்பு, அதே ரொட்டி. குளக்கரையில் உட்கார்ந்து பொற்குவிமாடம் தண்ணீரில் ஆடுவதைப் பார்த்தபோது இந்த ஊரை விட்டுக் கிளம்ப வேண்டுமே என்று இருந்தது.

கிளம்ப நினைப்பவர்களுக்கு அனுபவத்திலிருந்து சில வார்த்தைகள். பிப்ரவரி கடைசியும் மார்ச்சும் அருமை. குளிர் விலகியிருக்கும், வெயில் இன்னும் ஏறியிருக்காது. குடியரசுத் தலைவர் மாளிகைத் தோட்டத்தையும் அந்தப் பருவத்தில் மக்களுக்குத் திறப்பார்கள், இணையத்தில் முன்பதிவு செய்யலாம். திங்கட்கிழமையைப் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை, அருங்காட்சியகம், காந்தி ஸ்மிருதி, தாமரைக் கோயில் எல்லாவற்றுக்கும் அன்று விடுமுறை. தொல்லியல் துறையின் இடங்களில் இந்தியர்களுக்குக் கட்டணம் சில பத்து ரூபாய்தான், பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்கு அதுவும் இல்லை. மெட்ரோ அட்டை ஒன்று வாங்கிப் பையில் வையுங்கள். வயதானவர்களைக் கூட்டிப் போனால் காலையில் ஒரு இடம், மாலையில் ஒரு இடம், அவ்வளவுதான். நடுவில் லோதி தோட்டத்துப் புல்வெளியில் கால் நீட்டி உட்காருங்கள். அந்தத் தோட்டத்தில் ஐந்நூறு ஆண்டுப் பழைய கல்லறைகளுக்குப் பக்கத்தில் குழந்தைகள் பந்து விளையாடுகிறார்கள். வரலாறு அங்கே வேலிக்குள் இல்லை, பக்கத்து வீட்டுத் தாத்தா மாதிரி உட்கார்ந்திருக்கிறது.

கடைசி நாள் காலை. அன்று நாங்கள் எந்தக் கோட்டைக்கும் போகவில்லை. விடிந்ததும் ஆட்டோ பிடித்து சன்சத் மார்க்கில் இறங்கினோம். மரங்களுக்குப் பின்னால் ஆகாசவாணியின் பழைய ஒலிபரப்பு மாளிகை. காந்தி தம் வாழ்நாளில் ஒரே ஒருமுறை வானொலி நிலையத்துக்குப் போய்ப் பேசினார். 1947 நவம்பர் 12, தீபாவளி நாளில், குருக்ஷேத்திர முகாமில் இருந்த அகதிகளுக்காக அவர் பேசியது இந்தக் கட்டடத்திலிருந்துதான். இதையெல்லாம் அம்மாவுக்குச் சொல்லிக்கொண்டே கடிகாரத்தைப் பார்த்தேன். ஏழு பதினைந்து.

அம்மா விரலை உதட்டில் வைத்தாள். நான் பேச்சை நிறுத்தினேன்.

நடைபாதையில் அப்படியே நின்றோம். வேப்பமரத்தில் அணில்கள் ஓடின. ஒரு பஸ் போனது, ஒரு சைக்கிள் போனது. அம்மா அந்தக் கட்டடத்தின் ஜன்னல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் காதில் எந்தக் குரல் கேட்டது, கண்ணாடி முன் நுரை பூசிய எந்த முகம் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. பத்து நிமிடம் ஆயிற்று. அம்மா பெருமூச்சு விட்டு என் பக்கம் திரும்பினாள்.

"செய்தி முடிஞ்சிருச்சு. வா, போய் டீ குடிக்கலாம்."